ஒன்பது குடும்பத்துக்கு முன்னால்

எங்கள் ஊருக்கு என்னைவிட வயது குறைவு. இன்றைக்கு அங்கே பஸ் நிற்கிறது. பள்ளிக்கூடம் இருக்கிறது, சனிக்கிழமை சந்தை கூடுகிறது, இரண்டு டீக்கடையும் ஒரு உரக்கடையும் வந்துவிட்டன. ஜெயங்கொண்டம் போகிற பஸ்ஸில் கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவும்போதெல்லாம், அந்தப் பெயரே இல்லாமல் இருந்த நாள் எனக்கு ஞாபகம் வரும். சூரைமுள்ளும் காரைப்புதரும் கள்ளியுமாகக் கிடந்த ஒரு செம்மண் மேடு. அதில் முதன்முதலாகக் குடியேறியது ஒன்பது குடும்பங்கள் என்று ஊரில் சொல்வார்கள். மாரியம்மன் கோயில் சுவரில் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஒன்பதில் ஒன்று நான் வாழ்க்கைப்பட்ட வீடு.

மாசித் திருவிழாவில் அம்மனுக்கு ஊற்றுகிற முதல் குடம் தண்ணீரை ஒன்பது வீட்டுப் பெண்களில் ஒருத்திதான் எடுக்க வேண்டும். அன்று வண்டியில் வந்து இறங்கிய பெண்களில் குடம் தூக்கத் தெம்புள்ளவளாக மிஞ்சியிருப்பது நான்தான். அதனால் ஏழெட்டு வருஷமாக நான் எடுக்கிறேன். கிணற்றிலிருந்து கோயில் வரைக்கும் எல்லோரும் ஒதுங்கி வழி விடுவார்கள். நான் தலை நிமிராமல் நடப்பேன். கூச்சம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கூச்சமும் உண்டுதான். அஞ்சாம் வகுப்பு வரை படித்தேன். வாத்தியார் கேள்வி கேட்டால் விடை தெரிந்தாலும் எழுந்து சும்மா நிற்பேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு இன்னும் வராது. ஆனால் குடம் எடுக்கிற நாளில் தலை குனிந்திருப்பதற்குக் காரணம் வேறு.

நாங்கள் கொள்ளிடக்கரைக்காரர்கள். தா.பழூருக்குத் தெற்கே ஆற்றை ஒட்டி ஒரு சின்னக் குடியிருப்பு. நெல்லும் வாழையும் எங்களுக்குத் தெரிந்த வெள்ளாமை. எனக்குக் கல்யாணமான வருஷம் ஐப்பசியில் ஆறு கரையை அறுத்துக்கொண்டு வயலுக்குள் வந்தது. தண்ணீர் போய்விட்டது, மணல் போகவில்லை. இடுப்பளவு மணல். ஆண்களும் பெண்களும் கூடை கூடையாக வாரிக் கொட்டினோம். மறு வருஷமும் வெள்ளம் வந்து, வாரியதற்கு மேல் கொண்டுவந்து போட்டது. அப்புறம்தான் என் மாமனாரின் அண்ணன் வேறு இடம் தேடக் கிளம்பினார். எங்களுக்கெல்லாம் அவர் பெரிய மாமா. ஒன்பது குடும்பத்துக்கும் அவர் சொல்தான். உடையார்பாளையத்துப் பக்கம் காடு வைத்திருந்த ஒருவரிடம் பேசி, வெட்டித் திருத்தி உழுதுகொள்வது என்று முடித்துக்கொண்டு வந்தார்.

தை மாதம் வண்டி கட்டினோம். சண்டைக்காலம் அது. மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் கூப்பன் வாங்கிக்கொண்டு நின்ற வருஷங்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பாத்திரம், விதை, உலக்கை, ஒரு கூடை வாழைக்கன்று எல்லாம் ஏற்றினோம். அந்த மேட்டுக்காட்டில் வாழைக்கன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வோம் என்று எங்களில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஆற்றங்கரைக்காரர்களுக்குத் தண்ணீர் என்பது எங்கும் இருக்கிற ஒன்று.

மறுநாள் வெயில் ஏறுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். காட்டுக்கு நடுவில் ஒரு இலுப்பை மரம். அதன் பக்கத்தில் முள்வேலி கட்டிய ஆட்டுப்பட்டி, ஒரு குடிசை. முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், கையில் தழை ஒடிக்கிற தொரட்டியோடு வந்து வண்டிகளை எண்ணிப் பார்ப்பவள் போல நின்றாள்.

"வழி தப்பி வந்துட்டீங்களா? சந்தைக்கு இப்படிப் போக முடியாதுங்களே."

"சந்தைக்கு இல்லம்மா. குடியிருக்க வந்திருக்கோம்" என்றார் பெரிய மாமா.

"இங்கயா?" அவள் சிரித்தாள். "இங்க நானும் நரியும்தான் சரிப்பட்டு வருவோம். அதுலயும் நரி போன வருஷம் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு."

எங்கள் பெண்கள் சிரித்தார்கள். அன்றைக்கே அவள் எங்களுக்கெல்லாம் ஆட்டுக்கார அக்கா ஆகிவிட்டாள்.

அவள் புருஷன் சண்டைக்கு முன்பே மலேயாவுக்கு ரப்பர் தோட்டத்து வேலைக்குப் போனவர். ஜப்பான்காரன் அங்கே வந்த பிறகு கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. போகும்போது, எத்தனை வருஷமானாலும் இந்த இடத்தை விட்டு நகராதே, வந்தால் நேராக ஊற்றுக்குத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "முளைக்குச்சியில ஆட்டைக் கட்டுறாப்பல என்னைக் கட்டிட்டுப் போயிட்டாரு. கயிறு மலேயாவுல இருக்கு, முளை இங்க இருக்கு" என்பாள் அக்கா. சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். ஆனால் மேற்கே வண்டிப்பாதையில் யார் தலை தெரிந்தாலும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள்.

அந்த ஊற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலுப்பை மரத்தடியில் நாலு முழ அகலத்தில் ஒரு குழி. இறங்க நாலு படி வெட்டி, மேலே முள் போட்டு மூடி வைத்திருந்தாள். அடியில் கலங்காத தண்ணீர், முழங்கால் ஆழம்கூட இருக்காது. ஒரு கழியில் சுரைக்குடுக்கையைக் கட்டி, கடைசிப் படியில் உட்கார்ந்து மொண்டுகொள்ள வேண்டும். ஒரு குடம் மொண்டால் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். பக்கத்து மண்ணிலிருந்து கசிந்து கசிந்து மறுபடி ஊறும். எங்கள் ஒன்பது வீட்டுக்கும் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டாள்.

"உள்ள இறங்காதீங்க. தோண்டாதீங்க. அடியில வெள்ளைக் களி இருக்கு. அதுதான் தண்ணியத் தாங்கிக்கிட்டு இருக்கு, கிண்ணத்துக்கு அடி மாதிரி. அதுக்குக் கீழ வெறும் சரளை."

வீட்டுக்கு வந்ததும் என் மாமியார், "ஆத்தங்கரையில பொறந்தவளுக்குத் தண்ணி எடுக்கக் கத்துத் தராளாம்" என்றார்கள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். கொள்ளிடத்தில் கோடைக்கு ஆறு வற்றினால் மணலில் ஊற்றுத் தோண்டுவோம். கையாலேயே தோண்டுவோம். தண்ணீர் இறங்கினால் இன்னும் ஒரு சாண் தோண்டுவோம், உடனே வந்துவிடும். எவ்வளவு ஆழம் போகிறோமோ அவ்வளவு தண்ணீர். எங்களுக்குத் தெரிந்த பாடம் அது ஒன்றுதான்.

தையும் மாசியும் காடு வெட்டுவதில் போனது. ஆண்கள் அரிவாளால் வெட்டிச் சாய்த்துவிட்டு, கட்டையைக் கடப்பாரையால் நெம்பி எடுப்பார்கள். சூரை வேர் பூமிக்குள் எங்கே போய் முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. பெண்கள் முள்ளை இழுத்துக் குவித்து எரிப்போம். என் கை முழுக்க முள் கீறல். என் வீட்டுக்காரர் மாலையில் வந்து உட்கார்ந்தால் உள்ளங்கையை விரிக்க முடியாது. அதற்கிடையில் கிணறு என்று இரண்டு இடத்தில் தோண்டினார்கள். பள்ளமான இடமாகப் பார்த்துத்தான் தோண்டினார்கள், ஆற்றுப் பக்கத்து வழக்கப்படி. இருபது அடி போயும் சிவப்புச் சரளைதான் வந்தது. மாடுகளை இரண்டு மைல் தள்ளியிருந்த ஏரிக்கு ஓட்டினோம். குடிக்கவும் சமைக்கவும் ஆட்டுக்கார அக்காவின் ஊற்று.

பங்குனி பிறந்ததும் ஊற்று மெதுவாக ஊறத் தொடங்கியது. விடிந்ததிலிருந்து குடங்கள் வரிசையில் இருக்கும். பெண்கள் இலுப்பை நிழலில் உட்கார்ந்து ஊர் வம்பு பேசுவார்கள். ஒன்பது வீட்டுக்கு எவ்வளவு வம்பு இருந்துவிடும்? அதனால் என்னைப் பிடித்துக்கொள்வார்கள்.

"ஏ புதுப்பொண்ணு, கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் நீ புதுப்பொண்ணுதானா?"

"அதுகிட்ட என்னத்தக் கேக்குற? அது பதில் சொல்ல வாயத் தொறக்கறதுக்குள்ள ஊத்து வத்திடும்."

என் முறை வரும்போது யாராவது குடத்தை முன்னால் தள்ளி வைத்துவிடுவார்கள். என் முறை என்று சொல்ல எனக்கு வராது. மறுபடி காத்திருப்பேன். வீட்டுக்குப் போகும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் எங்கள் ஆட்களில் ஒருவர் உழவு மாட்டை ஊற்றுக்கு இறக்கிவிட்டார். ஏரிக்குப் போக அலுப்பு. படி சரிந்து தண்ணீர் சேறாகிவிட்டது. அக்கா ஓடி வந்தாள். நான் அவள் கோபத்தைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"இப்படி மிதிச்சீங்கன்னா இந்தத் தண்ணி உங்களுக்கு நிக்காது. சொல்லிட்டேன்."

இதை எல்லோரும் கேட்டார்கள்.

மறுநாள் காலை நான் ஒரு குடத்தோடு வெகு நேரம் கழித்து வீட்டுக்கு வந்தேன். வாசலில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். மாமியார் என்னைப் பார்த்துவிட்டு அவர்களிடம், "ஒரு கொடம் தண்ணி கொண்டாற அரை நாளு. இப்படி ஒருத்தியை எங்க தேடிப் புடிச்சானோ எம் மவன்" என்றார்கள். அவர்கள் சிரித்தார்கள். பெரிய வார்த்தை இல்லைதான். மாமியார் தினமும் ஏதாவது சொல்கிறவர்கள்தான். ஆனால் அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை.

உச்சி வேளையில் எல்லோரும் நிழலில் படுத்திருந்தார்கள். அக்கா ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிழக்கே போயிருந்தாள். என் வீட்டுக்காரர் குடிசை மறைவில் சாத்தி வைத்திருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு, இடுப்பில் குடத்தோடு ஊற்றுக்குப் போனேன். அவள் சொன்னது மறந்துபோகவில்லை. ஆட்டுக்காரிக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். ஒரு சாண் தோண்டினால் ஒன்பது வீட்டுக்கும் தாராளமாக ஊறும், யார் தோண்டினது என்று எல்லோரும் ஆச்சரியப்படுவார்கள், அப்போதுகூட நான் சொல்ல மாட்டேன் என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்பை இப்போது எழுதும்போது முகம் சுடுகிறது.

தண்ணீருக்குள் இறங்கி, வேர்ப்பக்கமாக நாலு குத்துக் குத்தினேன். களி வெண்ணெய் போல இருந்தது. நாலாவது குத்தில் கடப்பாரை சட்டென்று உள்ளே போய்விட்டது. கீழே யாரோ பிடித்து இழுத்தது போல இருந்தது. உருவி எடுத்தேன். தண்ணீர் கலங்கிக் குமிழி விட்டது. ஊற்றுக் கண் திறந்துவிட்டது என்றுதான் சந்தோஷப்பட்டேன். அவசர அவசரமாகக் குடத்தை நிரப்பிப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், தண்ணீரின் நடுவில் ஒரு சின்னச் சுழி. குழந்தை பால் குடிக்கிற மாதிரி ஒரு சத்தம். என் கணுக்காலில் இருந்த தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. களியை அள்ளி அள்ளி அந்த ஓட்டையில் வைத்தேன். வைத்தது எல்லாம் உள்ளே போனது. குதிகாலை வைத்து அழுத்திப் பார்த்தேன். கடைசியில் ஈரச் சேறுதான் மிஞ்சியது. அதன் மேல் நாலு கல்லைப் போட்டு, கையால் தடவி மட்டமாக்கிவிட்டு மேலே ஏறினேன்.

வீட்டுக்குப் போனதும் மாமியார், "பரவால்லயே, இப்ப சீக்கிரமா வந்துட்டாளே" என்றார்கள். நான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர்கள் வாயிலிருந்து கேட்ட முதல் நல்ல வார்த்தை அதுதான்.

மாலையில் தெரிந்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் எல்லோரும் இலுப்பை மரத்தடியில் கூடினார்கள். யார் செய்தது என்று யாரும் கேட்கவே இல்லை. அவள் வாயால் நிற்காது என்று சொன்னாள், ஒரு நாள் கழித்து நிற்கவில்லை. அவள்தான் ஏதோ செய்துவிட்டாள் என்று முடிவு கட்ட அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆடுகள் கம்பு முளைத்தால் விடாது, பட்டி இருக்கிற இடம்தான் காட்டிலேயே நல்ல மண் என்பதெல்லாம் முன்பே பேசிக்கொண்டிருந்தவைதான். இப்போது அவளைப் போகச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தது.

அக்கா பெரிய மாமாவிடம் கை கூப்பவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"யாரோ குத்தியிருக்காங்க. என்னை ஒரு தடவை இறங்கிப் பாக்க விடுங்க. கையால தடவினாத் தெரிஞ்சிடும் எங்க ஓட்டைன்னு. ஆட்டுப் புழுக்கையும் களியும் சேத்துப் பிசைஞ்சு அடைச்சா நின்னுக்கும். நாள் ஆச்சுன்னா ஓட்டை பெருசாயிடும்."

"நிக்காதுன்னு நீதான் சொன்னே. நிக்கலை. இன்னும் இறங்கி என்ன பண்ணப் போறே?"

"அடைக்கப் போறேங்க. எனக்கும் அதுதானே தண்ணி."

"வேணாம்மா. நீ எறங்க வேணாம்."

அவள் பெண்கள் பக்கம் திரும்பினாள். "உங்கள்ல யாராச்சும் பாத்திருந்தாச் சொல்லுங்கம்மா. தப்பா எடுத்துக்க மாட்டேன். எடம் மட்டும் தெரிஞ்சாப் போதும்."

அவள் பார்வை ஒவ்வொருத்தியாக வந்தது. எடம் மட்டும் தெரிந்தால் போதும் என்றாள். வேர்ப்பக்கம் என்று ஒரு வார்த்தை. பெரிய மாமா இருந்தார், மாமியார் இருந்தார்கள், ஒன்பது வீட்டு ஆண்களும் இருந்தார்கள். நான் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னிடம் வந்தபோது அவள் பார்வை நிற்காமல் அடுத்தவளிடம் போய்விட்டது. இதனிடம் என்ன கேட்பது என்று நினைத்திருப்பாள்.

மூன்றாம் நாள் அவள் பட்டியைப் பிரித்துவிட்டாள். போகச் சொன்னதும் உண்மை, ஆடுகளுக்குத் தண்ணீர் இல்லாததும் உண்மை. போகிற வழியில் எங்கள் குடிசை வாசலில் நின்று தண்ணீர் கேட்டாள். உள்ளே நான் மட்டும் இருந்தேன். ஊற்றைக் குத்தின அன்று நான் நிரப்பிக் கொண்டுவந்த குடத்தில் ஒரு சொம்பு மிச்சம் இருந்தது. அதைத்தான் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, மீதியைத் தோளில் கிடந்த குட்டிக்கு உள்ளங்கையில் ஊற்றிக் கொடுத்தாள்.

"தங்கச்சி, ஒரு ஒத்தாசை. அவரு வந்தா இங்கதான் வருவாரு. கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கெழக்க எங்க சின்னம்மா மகளைக் கட்டிக் குடுத்த ஊரு இருக்கு, அங்க போறேன்னு சொல்லிடு. அவரு போனதுக்கு அப்புறம் நடந்த கல்யாணம், அவருக்கு அந்த ஊரு தெரியாது." ஊரின் பெயரை இரண்டு தடவை சொன்னாள். "மத்தவங்ககிட்டச் சொன்னா மறந்துடுவாங்க. நீ பேச மாட்டே, ஆனா மறக்க மாட்டே. நல்லாரு."

நான் தலையாட்டினேன்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் குடிக்கிற தண்ணீரும் ஏரியிலிருந்துதான் வந்தது. போக வர நாலு மைல். பிறகு கிணறு வெட்டுகிற ஆட்களைக் கூட்டிவந்து அறுபது அடியில் தண்ணீர் கண்டார்கள். அந்தக் கிணற்றைச் சுற்றி வீடுகள் வந்தன. வேறு ஊர்களிலிருந்தும் ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள். பட்டி இருந்த இடத்தில் முதல் கம்பு ஆள் உயரம் வளர்ந்தது. ஆட்டு எருவின் பலன். அந்தக் கம்பில்தான் மாரியம்மனுக்கு முதல் கூழ் ஊற்றினோம். ஊற்றுக்குழியில் காடு திருத்திய கல்லையும் கட்டையையும் போட்டு மூடினார்கள். நானும் இரண்டு கூடை கொட்டினேன்.

சண்டை முடிந்த மறு வருஷம் ஆடி மாதம் அக்காவின் புருஷன் வந்தார். தலையில் ஒரு தகரப்பெட்டி. காக்கிக் கால்சட்டை. உடம்பில் எலும்புதான் இருந்தது. இலுப்பை மரத்தடியில் போய் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு எங்கள் வாசலுக்கு வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். முதல் பிள்ளை இடுப்பில். புதிய ஆளைப் பார்க்க ஆண்கள் வந்து கூடிவிட்டார்கள்.

"இங்க ஒரு ஊத்து இருந்துச்சுங்க. ஆட்டுப்பட்டி இருந்துச்சு" என்று அவர் சொல்வது கேட்டது.

"ஆட்டுக்காரியா? அவ எப்பவோ போயிட்டா" என்றார்கள் மாமியார்.

"ஏங்க போனா?"

"ஊத்து வத்திப் போச்சு."

"அந்த ஊத்தா? பஞ்சத்துலகூட வத்தலியேங்க அது."

அவர் மறுபடி, "எங்க போனான்னு யாருக்காச்சும் தெரியுமாங்க?" என்றார்.

எனக்குத் தெரியும். ஊர்ப் பெயர் நாக்கில் இருந்தது. எழுந்து நாலு அடி நடந்து நிலைப்படியில் நின்று சொல்ல வேண்டும். உனக்கு எப்படித் தெரியும், உன்னிடம் எதற்குச் சொன்னாள், உனக்கும் அவளுக்கும் என்ன என்று மாமியார் கேட்பார்கள். அந்தக் கேள்வியின் நூலைப் பிடித்துக்கொண்டே போனால் கடப்பாரையில் போய் நிற்கும் என்று பயந்தேன். கூட்டம் கலையட்டும், தனியாகச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். கூட்டம் கலைந்ததும் பிள்ளையை இறக்கிவிட்டு, வெறுங்குடத்தை எடுத்துக்கொண்டு பாதைக்கு ஓடினேன். இரண்டு பக்கமும் யாரும் இல்லை. மேற்கே உடையார்பாளையம் பாதையில் போனார் என்று மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார். அவள் போனது கிழக்கே. கொஞ்ச தூரம் மேற்கே ஓடினேன். எதிரே எங்கள் ஆட்கள் வண்டியில் வந்தார்கள். கிணற்றுக்கு வழி மறந்துடுச்சா என்று கேட்டார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

மூன்று வருஷம் கழித்து, கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் ஒரு உறவுக் கல்யாணத்துக்கு வண்டியில் போயிருந்தோம். திரும்பும்போது வீட்டுக்காரர் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டப் போனார். நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கோயிலைப் பார்க்கப் போனேன். கோபுரத்துக்கு மேலேயே புல் முளைத்துக் கிடந்த காலம். மதில் நிழலில் ஆடுகள் மேய்ந்தன. ஆட்டை அதட்டுகிற குரல் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

அவளும் என்னைக் கண்டுகொண்டாள். "அட, அந்தப் பேசாத பொண்ணு" என்று வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். தலை பாதி நரைத்திருந்தது. பிள்ளையிடம் குனிந்து, "உங்கம்மா எனக்குத் தண்ணி குடுத்த மகராசிடா. அத்தனை பேர்ல ஒருத்தி" என்றாள். ஒரு கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு, பிள்ளைக்காக ஒரு ஆட்டிடம் பால் கறக்க உட்கார்ந்தாள்.

கறந்துகொண்டே சொன்னாள். அவர் வந்து சேர்ந்தாராம். ஆனால் எட்டு மாதம் அலைந்திருக்கிறார். அரியலூர், பெரம்பலூர், சந்தை சந்தையாகப் போய் ஆட்டுக்காரர்களிடம் விசாரித்திருக்கிறார். அவர் வரும்போதே நெஞ்சில் சளி. அந்த மழைக்காலம் முழுக்கக் கண்ட இடத்தில் படுத்து அது முற்றிப்போய்விட்டது. "வந்து ஒரு வருஷம் இருந்தாரு. அதுவாச்சும் இருந்தாரே" என்றாள். "உன்னை நம்பித்தான் சொல்லிட்டு வந்தேன். பாவம், உங்கிட்ட அவரு கேக்கல போலருக்கு. பொம்பளைகிட்டப் பேச அவருக்கும் கூச்சம்."

அவளே எனக்கு ஒரு பதிலை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். நான் தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். பிள்ளை பாலுக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

"கேட்டாரு" என்றேன். "எங்க வாசல்ல நின்னுதான் கேட்டாரு. நான் உள்ள இருந்தேன். வெளிய வந்து சொல்லலை."

பால் விழுகிற சத்தம் நிற்கவில்லை.

"ஊத்தைக் குத்தினதும் நான்தான் அக்கா."

அவள் கறந்து முடித்தாள். ஆட்டைத் தட்டிவிட்டாள். என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"எதால?"

"கடப்பாரையால."

"எந்தப் பக்கம்?"

"வேர்ப்பக்கம்."

"அங்க களி நாலு விரக்கடைதான் இருக்கும். நான் குடுக்கையக்கூட அந்தப் பக்கம் அழுத்த மாட்டேன்."

கொட்டாங்கச்சியைப் பிள்ளையிடம் கொடுத்தாள். அது குடித்து முடிக்கிற வரைக்கும் பொறுமையாக இருந்தாள். பிறகு வாங்கி, புல்லில் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

"வண்டியிலயா வந்தீங்க?"

"ஆமா."

"பொழுதோட போய்ச் சேருங்க."

தங்கச்சி என்று சொல்லவில்லை. தொரட்டியை எடுத்துக்கொண்டு மதிலைச் சுற்றிப் போய்விட்டாள். ஆடுகளும் ஒவ்வொன்றாக அவள் பின்னால் போயின. நான் கடைசி ஆடு போகிற வரைக்கும் நின்றேன். அதற்கப்புறம் அவளைப் பார்க்கவில்லை.

வண்டி ஏறியதும் வீட்டுக்காரர், "யாருகிட்டப் பேசிட்டிருந்தே?" என்றார். ஆட்டுக்கார அக்கா என்றேன். அவர் மாட்டை ஓட்டினார். மீன்சுருட்டிப் பாதை பிரிகிற இடம் தாண்டிய பிறகு, திரும்பாமலே, "அன்னிக்குக் கடப்பாரையில வெள்ளைக் களி ஒட்டியிருந்துச்சு. நான்தான் தொடச்சேன்" என்றார். அதுவரைக்கும் அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கூட்டத்தில் அவரும் நின்றுகொண்டிருந்தார். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது.

இப்போது கோயில் சுவரில் எழுதியிருப்பது மழையில் அழிகிறது என்று கல்லில் வெட்டி வைக்கப் போகிறார்கள். போன வாரம் ஊர்ப் பிள்ளைகள் வாசகத்தை எழுதிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். அன்றைக்கு வந்தவர்களில் விவரமாக இருப்பது நீங்கதான், சரியா இருக்கா பாருங்க என்றார்கள். இந்த மண்ணில் முதலில் கால் வைத்த ஒன்பது குடும்பங்கள் என்று ஆரம்பித்திருந்தது. என் மாமனார் பெயரும் பெரிய மாமா பெயரும் இருந்தன. படித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். பிள்ளைகள் மோர் குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் தெரு திரும்பிய பிறகுதான் பேனாவை எடுத்தேன். இந்த வயதிலும் என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஒன்பது என்பது தப்பு. இப்போது பஸ் நிற்கிற இடத்தில் ஒரு குடும்பம் இருந்தது. அதில் ஒருத்தி இருந்தாள். இன்னொருவர் வர வேண்டியிருந்தது. அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. அக்கா என்றே கூப்பிட்டுவிட்டோம், யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. பெயர் இல்லாவிட்டாலும் கல்லில் முதல் வரியில் அவர்களுக்கு இடம் விடுங்கள். வரும் மாசிக்கு முதல் குடத்தை வேறு வீட்டிலிருந்து யாராவது எடுக்கட்டும். ஏன் என்று கேட்டால் இந்தக் காகிதத்தைக் காட்டுங்கள். நான் வாயால் சொல்ல மாட்டேன். அது உங்களுக்கே தெரியும்.